ஒலவக்கோட்டில் ஐந்து மழை நாட்கள்

ஜூலை 17, வியாழன் – ஒலவக்கோடு

நடு ராத்திரி தென்காசியில் பாலருவி ரயிலில் ஏறி, இன்று பகலில் பாலக்காடு ஜங்ஷனில் இறங்கினோம், நானும் அம்மாவும். போர்டில் பாலக்காடு என்று இருந்தாலும் இடம் ஒலவக்கோடு. ஒரு காலத்தில் ஸ்டேஷனுக்குப் பெயரே அதுதான். டவுன் இங்கிருந்து நாலைந்து கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. அத்தானுக்கு ரயில்வேயில் வேலை, அக்கா ஆறு வருஷமாக இங்கே காலனி குவார்ட்டர்ஸில் இருக்கிறாள்.

உண்மையில் நாங்கள் வந்தது மூணாறு போகத்தான். அக்கா குடும்பத்தோடு சேர்ந்து மூன்று நாள் என்று திட்டம். ரூமுக்கு 3,000 ரூபாய் முன்பணமும் கட்டியாயிற்று. ஆனால் ரெண்டு நாளாக மலைப்பக்கம் கொட்டித் தீர்க்கிறது, மண்சரிவு பயம் வேறு, அத்தான் வேண்டவே வேண்டாம் என்று சொல்லிவிட்டார். லாட்ஜுக்கு போன் செய்தால் மழைக்கு நாங்கள் என்ன செய்ய முடியும், பணம் திரும்ப வராது என்று வைத்துவிட்டார்கள். வேறு தேதிக்கு மாற்றித் தரக்கூட மனசு இல்லை. அந்தப் பணம் அம்மா தீபாவளிச் சீட்டில் எடுத்தது, அதுதான் வயிற்றெரிச்சல்.

சாயங்காலம் மழை கொஞ்சம் விட்டது. அக்கா மகள் பாப்பாவைக் கூட்டிக்கொண்டு காலனிக்கு வெளியே இருக்கிற சாயாக்கடை வரைக்கும் நடந்தேன். ரெண்டு பெஞ்சு, ஒரு கண்ணாடி அலமாரி, அதற்குள் பழம்பொரி, பரிப்பு வடை, சுகியன். சாயா 12 ரூபாய், பழம்பொரி 12 ரூபாய். நேந்திரம்பழத்தை நீளவாக்கில் சீவி மாவில் முக்கி எடுக்கிறார்கள், ஓரம் மொறுமொறு என்றும் உள்ளே பழம் வெந்து குழைந்தும் இருந்தது. எங்கள் ஊரில் கிடைக்கிற வாழைக்காய் பஜ்ஜிக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

பெஞ்சில் இடம் இல்லை. ஓரத்தில் உட்கார்ந்திருந்த ஒருத்தர் கிளாஸைக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்து, பாப்பாவை உட்காரச் சொல்லிவிட்டுத் தூணில் சாய்ந்து நின்றபடி குடித்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. நான் நன்றி சொன்னதற்குத் தலையை மட்டும் ஆட்டினார்.

இன்று ஆடி ஒன்று, இங்கே கர்க்கடகம் ஒன்று. திரும்பி வரும்போது ரெண்டு மூன்று வீடுகளில் விளக்கேற்றி வைத்து ராமாயணம் வாசிக்கும் சத்தம் கேட்டது. இந்த மாதம் முழுவதும் வாசிப்பார்களாம். மழைச் சத்தத்துக்கு நடுவில் அந்த ராகம் கேட்டபடியே வீடு வந்து சேர்ந்தோம்.

ஜூலை 18, வெள்ளி – கல்லேக்குளங்கரை, கல்பாத்தி

ஆடி முதல் வெள்ளி, அம்மாவுக்கு அம்மன் கோயில் போயே ஆக வேண்டும். அக்கா ஏமூர் பகவதி கோயிலுக்குக் கூட்டிப் போனாள், நடக்கிற தூரம்தான். ஹேமாம்பிகை என்றும் சொல்கிறார்கள், பக்கத்தில் இருக்கிற ஹேமாம்பிகா நகருக்கு அந்தப் பெயர்தான். கருவறையில் உருவம் கிடையாது, ரெண்டு கைகள் மட்டும். உள்ளங்கை நம்மைப் பார்த்தபடி. அம்மா ரொம்ப நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். வெளியே வந்ததும், "முகத்தைப் பார்த்துக் கேட்டாத்தான் கூச்சமா இருக்கும்டா, கையைப் பார்த்து எது வேணாலும் கேட்டுரலாம்" என்றாள். என்ன கேட்டாள் என்று சொல்லவில்லை.

மதியம் அக்காவுக்குச் சமையலே வேண்டாம் என்று சொல்லி குடும்பஸ்ரீ என்கிற கேரள அரசின் மகளிர் குழுப் பெண்கள் நடத்துகிற ஒரு சாப்பாட்டுக் கடைக்குப் போனோம். 2020-ல் 20 ரூபாய்க்குச் சாப்பாடு என்று கேரளம் முழுக்க ஜனகீய ஹோட்டல்கள் திறந்தார்களே, அந்த வகையில் வந்த கடை. இப்போது விலை கூடியிருக்கிறது, ஆனாலும் நாலு பேரும் பாப்பாவும் வயிறு நிறையச் சாப்பிட்டும் 200 ரூபாயைத் தாண்டவில்லை, அதில் மத்தி பொரித்தது ரெண்டு தட்டும் சேர்த்தி, அத்தானுக்கும் எனக்கும். சிவப்பு மட்டை அரிசிச் சோறு, பரிப்பு, சாம்பார், பயறுத் தோரன், மாங்காய் ஊறுகாய், பப்படம், மோர். குடிக்க ரோஸ் நிறத்தில் வெந்நீர். பதிமுகம் என்கிற மரத்தின் சீவல் போட்டுக் காய்ச்சியது என்று அக்கா சொன்ன பிறகுதான் அம்மா தொட்டாள்.

மட்டை அரிசி அம்மாவுக்குப் பிடிக்காது, பெரிய பெரிய பருக்கையாக மெல்ல முடியாது என்பாள். பரிமாறின சேச்சி அம்மா இலையில் சோறு அப்படியே இருப்பதைப் பார்த்துவிட்டு, கேட்காமலேயே உள்ளே போய் அவர்களுக்கென்று வைத்திருந்த கஞ்சியைக் கொஞ்சம் பயறோடு ஒரு கிண்ணத்தில் கொண்டுவந்து வைத்தார். அதற்குக் காசு வாங்கவில்லை. "அது கணக்கில் இல்லா" என்று சொல்லிவிட்டார். அம்மா ஒரு சொட்டு விடாமல் குடித்தாள். நானும் எத்தனையோ ஊரில் எத்தனையோ சாப்பாட்டுக் கடையில் சாப்பிட்டிருக்கிறேன், இலையைப் பார்த்து ஆளைப் புரிந்துகொள்கிற கண் எல்லாருக்கும் வாய்க்காது.

சாயங்காலம் பஸ்ஸில் கல்பாத்தி, பழைய தமிழ் அக்ரகாரம். ஏறினால் 10 ரூபாய், அதுதான் குறைந்த டிக்கெட். கல்பாத்தி என்றால் எல்லாரும் ஐப்பசியில் நடக்கும் தேரைத்தான் சொல்வார்கள், நான் சொல்வேன் மழைக்காலத்தில் ஒரு சாதாரண நாளில் போய்ப் பாருங்கள். கூட்டமே இல்லை. ரெண்டு பக்கமும் ஓட்டு வீடுகள், திண்ணைகள், வாசலில் மழை கரைத்த பாதிக் கோலம். தெருவே தமிழ் பேசுகிறது, ஆனால் நம் தமிழ் இல்லை, அதற்கென்று ஒரு இழுவை உண்டு. விசுவநாத சுவாமி கோயிலிலிருந்து ஆற்றுக்கு இறங்குகிற படியில் நின்றிருந்தோம். ஆறு செம்மண் கலரில் நுரைத்துக்கொண்டு போனது, கீழ்ப்படிகள் கண்ணுக்கே தெரியவில்லை. திண்ணையிலிருந்து ஒரு மாமி, "படி வழுக்கும், பாத்துண்டு நில்லுங்கோ. எங்கேர்ந்து வரேள்?" என்று கேட்டார். தென்காசி என்றதும் அப்படியே அம்மாவைப் பிடித்துக்கொண்டார், குற்றாலத்தில் தண்ணீர் விழுகிறதா, சாரல் எப்படி என்று ஒரு அரை மணி நேரம். வருகிற வியாழன் அமாவாசை, பிதுர் தர்ப்பணத்துக்கு இந்தப் படியில் கால் வைக்க இடம் இருக்காது, நல்லவேளை இன்றைக்கு வந்தீர்கள் என்றார்.

அம்மா அங்கேயே ஒரு வீட்டில் அப்பளமும் அரிசிக் கருவடாமும் வாங்கினாள், 180 ரூபாய். மழையில் எப்படிக் காய வைக்கிறீர்கள் என்று கேட்டதற்கு, எல்லாம் மேடத்திலேயே, அதாவது நம் சித்திரையிலேயே, போட்டு டின்னில் அடைத்தது என்று சொன்னார்கள்.

ஜூலை 19, சனி – கோட்டை

காலையிலிருந்து மழை. மதியம் ரெண்டு மணி வரை வாசலைத் தாண்டவில்லை. அக்காவும் அம்மாவும் கட்டிலில் படுத்துக்கொண்டு ஊர்க்கதை பேசினார்கள், எனக்குத் தெரியாத கதையெல்லாம் வந்தது. மூணாறில் இருந்திருந்தால் இந்நேரம் எல்லாரும் வேனில் உட்கார்ந்து வாந்தி எடுத்துக்கொண்டிருப்போம் என்று அக்கா சொன்னாள், அது நிஜம், பாப்பாவுக்கு மலைப்பாதை ஒத்துக்கொள்ளாது.

மூன்று மணிக்கு வானம் வெளுத்தது, டவுனுக்குப் பஸ் பிடித்தோம். பாலக்காட்டுக் கோட்டை 1766-ல் ஹைதர் அலி கட்டினது. பெரிய கோட்டை என்று நினைத்துப் போனால் சின்னதாகத் தெரியும், ஆனால் கச்சிதம். சதுரமாகக் கருங்கல் சுவர், சுற்றி அகழி, அகழி ஓரம் நடைபாதை. மழை பெய்து கல்லெல்லாம் கறுத்துப் பாசி பச்சைப்பசேல் என்று இருந்தது. ஊர்க்காரர்கள் இங்கே நடைப்பயிற்சிக்கு வருகிறார்கள், ஆண்களும் பெண்களும், கேன்வாஸ் ஷூவும் சேலையுமாகக் கூட ரெண்டு பேர். உள்ளே ஆஞ்சநேயர் கோயில், சனிக்கிழமை என்பதால் நல்ல கூட்டம், வடைமாலை வாசனை. பாப்பா அகழியில் ஆமை தேடினாள்.

அங்கேதான் காற்று. பாலக்காட்டுக் கணவாய் என்பது மேற்குத் தொடர்ச்சி மலை நடுவில் கிட்டத்தட்ட முப்பது கிலோமீட்டர் அகலத்துக்கு விட்டுப்போன வாசல், அரபிக்கடல் பக்கத்துக் காற்று முழுக்க அதன் வழியாகத்தான் கோயமுத்தூருக்கும் பொள்ளாச்சிக்கும் போகிறது. எங்களுக்கும் செங்கோட்டைப் பக்கம் கணவாய் உண்டு, ஆடிக்காற்று எங்களுக்குப் புதிது இல்லை. ஆனாலும் ஒரு வீச்சில் அம்மா குடை அப்படியே கவிழ்ந்து கம்பி ரெண்டு பிய்ந்துவிட்டது. அப்பா வாங்கிக் கொடுத்த குடை. பதினோரு வருஷம் ஆகிறது, அப்பா போயும் எட்டு வருஷம். அம்மா ஒன்றும் சொல்லாமல் மடக்கிக் கையில் வைத்துக்கொண்டாள்.

மார்க்கெட் பக்கம் நடைபாதையில் ஒரு குடை ரிப்பேர்காரர் பெட்டியை மூடிக் கிளம்பிக்கொண்டிருந்தார். வயது எழுபது இருக்கும். குடையை வாங்கி விரித்துப் பார்த்தார், துணியைத் தடவினார், பழைய துணி நல்ல துணி என்று மலையாளத்தில் சொன்னார். திரும்ப உட்கார்ந்து பெட்டியைத் திறந்தார். பழைய கம்பி ஒன்றை இடுக்கியால் நிமிர்த்தி, நுனியைத் தட்டி ஓட்டை போட்டு, மெல்லிய கம்பியை உள்ளே விட்டு நாலு சுற்று முறுக்கினார். துணி மூலையில் தைக்கும்போது கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு நூலை மூக்குக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டார். ஒரு முடிச்சு போட்டு, அதைப் பல்லால் இழுத்துப் பார்த்து, திருப்தி இல்லாமல் அவிழ்த்துவிட்டு மறுபடி போட்டார். கடைசியில் குடையைக் காற்று வருகிற திசைக்கு நேராகப் பிடித்து நின்றார். குடை நின்றது. 40 ரூபாய். நான் நூறு ரூபாய் நோட்டைக் கொடுத்து மீதி வேண்டாம் என்றேன், அவர் பக்கத்துப் பழக்கடையில் சில்லறை மாற்றி அறுபதையும் என் கையில் வைத்துவிட்டுத்தான் கிளம்பினார்.

ராத்திரி அம்மாவுக்கும் அக்காவுக்கும் வீட்டில் தோசை, சனிக்கிழமை. அத்தானும் நானும் ஸ்டேஷன் பக்கம் பரோட்டா சாப்பிடப் போனோம். பரோட்டா விஷயத்தில் தென்காசிக்காரனுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம் என்கிற கர்வம் எனக்கு உண்டு, அதை விடுவதாகவும் இல்லை. இங்கே பரோட்டா பெரிசு, மெத்தென்று இருக்கிறது, எங்கள் ஊர் மாதிரி எண்ணெயில் பொரிந்த மொறுமொறுப்பு கிடையாது. ஆனால் தேங்காய்க்கொத்து போட்டு வறட்டின பீஃப் ரோஸ்ட், அதற்கு முன்னால் எங்கள் சால்னா நிற்காது. ரெண்டு பேருக்கும் சேர்த்து 270 ரூபாய்.

ஜூலை 20, ஞாயிறு – ராமசேரி, மலம்புழை, கவா

ராமசேரி இட்லியைப் பற்றி எல்லாரும் எழுதிவிட்டார்கள், இருந்தாலும் எழுதுகிறேன். எலப்புள்ளி பக்கம் ஒரு சின்ன கிராமம். கண்டக்டர் சொன்னதை நான் தப்பாகக் கேட்டு ரெண்டு ஸ்டாப் முன்னாலேயே எல்லாரையும் இறக்கிவிட்டேன். அம்மாவின் முழங்காலை நினைத்து எனக்குப் பக்கென்று ஆகிவிட்டது. ஆட்டோவும் வரவில்லை. மெதுவாக நடந்தோம். ரெண்டு பக்கமும் நாற்று நட்ட வயல், வரப்பில் வரிசையாகப் பனைமரம், பின்னால் மேகம் மூடின மலை. அம்மா அரை வழியில் ஒரு மதகுக் கட்டையில் உட்கார்ந்து, "நம்ம ஊரு மாதிரியேதான்டா இருக்கு, பனை மட்டும் அங்க வெட்டிட்டாங்க" என்றாள். கடைசியில் பால்கேனோடு போன ஒரு பையன் பைக்கை நிறுத்தி அம்மாவை மட்டும் ஏற்றிக்கொண்டு போய்க் கடை வாசலில் இறக்கிவிட்டு, திரும்பி வந்து எங்களிடம் இறக்கிவிட்டாச்சு என்று சொல்லிவிட்டுப் போனான்.

காஞ்சிபுரம் பக்கத்திலிருந்து எப்போதோ வந்து குடியேறின முதலியார் குடும்பங்கள்தான் இந்த இட்லியைச் செய்கிறவர்கள். இப்போது சில வீடுகளில்தான் நடக்கிறது. அடுப்படியை எட்டிப் பார்க்கலாமா என்று அம்மா தமிழில் கேட்டாள், அந்த அம்மாவும் தமிழிலேயே வாங்க என்றார். விறகடுப்பு. தண்ணீர் கொதிக்கிற பானை, அதன் மேல் வாயில் நூல் வலை பின்னின மண் வளையம், வலை மேல் ஈரத்துணி. துணியில் மாவை ஊற்றிக் கரண்டி முதுகால் லேசாக வட்டம் போடுகிறார். அதன் மேல் இன்னொரு வளையம், இன்னொன்று, கடைசியில் மூடி. ஆவி வலை வழியாகவே ஏறுகிறது. வெந்ததும் துணியோடு தூக்கி இலையில் கவிழ்த்துத் துணியை உரிக்கிறார். உள்ளங்கை அகலம், தட்டை, நடுவில் லேசாகப் பள்ளம், இட்லிக்கும் ஊத்தப்பத்துக்கும் நடுவில் ஒரு உருவம். தொட்டுக்கொள்ளப் பொடியில் தேங்காய் எண்ணெய் விட்டுக் குழைத்துத் தருகிறார்கள், சட்னியும் உண்டு. பொடிதான் சரி. நல்லெண்ணெய்க்காரர்கள் முகம் சுளிக்காமல் ஒரு தடவை தேங்காய் எண்ணெயில் சாப்பிட்டுப் பாருங்கள்.

இந்த இட்லி ரெண்டு நாள் கெடாது என்றார்கள். ரயிலுக்கு இருக்கட்டும் என்று இருபது இட்லியும் ஒரு பொட்டலம் பொடியும் வாங்கினோம். எல்லாம் சேர்த்து, சாப்பிட்டதும் வாங்கியதுமாக 480 ரூபாய்.

மதியத்துக்கு மேல் மலம்புழை. அணையைப் பார்த்ததும் அம்மா கையெடுத்துக் கும்பிட்டாள். 1955 அக்டோபரில் இதைத் திறந்து வைத்தது காமராசர். அப்போது பாலக்காடு சென்னை மாநிலத்து மலபார் மாவட்டத்தில்தான் இருந்தது, கேரளம் பிறந்தது அதற்கு அடுத்த வருஷம். அம்மா வீட்டில் சாமி படத்துக்குப் பக்கத்தில் காமராசர் படம் இருக்கும், அப்படிப்பட்ட ஆள். பூங்காவில் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். கானாயி குஞ்ஞிராமன் செய்த யட்சி சிலையைப் போன தடவையே பார்த்தாயிற்று, அதனால் உள்ளே போகவில்லை. அக்கா இங்கே இருந்த ஆறு வருஷத்தில் வருகிற சொந்தக்காரர்களை எல்லாம் இந்தப் பூங்காவுக்குக் கூட்டிவந்து கூட்டிவந்து அலுத்துப் போயிருக்கிறாள்.

ஆட்டோக்காரர்தான் கவா போங்கள் என்றார். போக வர 300 ரூபாய், அங்கே எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் இருங்கள், நான் தூங்குகிறேன் என்று சொல்லிவிட்டார். அணைக்குப் பின்பக்கம், நீர்த்தேக்கத்தின் கரை. டிக்கெட் கிடையாது. ஒரு பக்கம் தண்ணீர், ஒரு பக்கம் புல்வெளி, தனித்தனியாகப் பனைகள், மூன்று பக்கமும் மலை. மலைமேல் மழை பெய்வது தெரிந்தது. அப்புறம் அது இறங்கி நீர்மேல் வர ஆரம்பித்தது. வெள்ளைத் திரை மாதிரி, அதற்கு முன்னால் தண்ணீர் வழவழவென்று இருக்கிறது, அதற்குப் பின்னால் கறுத்துக் கொப்புளிக்கிறது, அந்தக் கோடு நம்மை நோக்கி நகர்ந்து வருகிறது. பாப்பா எண்ண ஆரம்பித்தாள். நாற்பத்திரண்டு எண்ணும்போது முதல் துளி எங்கள் மேல் விழுந்தது. அம்மா குடையை விரிக்கவில்லை. அக்கா ஆறு வருஷத்தில் இந்த இடத்துக்கு வந்ததே இல்லையாம், இத்தனைக்கும் வீட்டிலிருந்து பத்துப் பதினைந்து கிலோமீட்டர்.

ஜூலை 21, திங்கள் – ரயிலில்

மாலை நாலு மணி வாக்கில் ரயில். அக்கா, பாப்பா எல்லாரும் ஸ்டேஷன் வந்தார்கள். பிளாட்பாரம் டீ ஸ்டாலில் நான் கிளாஸை வாயில் வைத்த நேரம், ஸ்டால்காரர் போனைப் பார்த்துவிட்டு அடுப்பைச் சிறிசாக்கினார். "வி.எஸ். போயி" என்றார். அவ்வளவுதான். முன்னாள் முதல்வர் அச்சுதானந்தன். நூற்றியொரு வயது, ஒரு மாதமாக ஆஸ்பத்திரியில் இருந்தார். 2001-லிருந்து 2021 வரை இருபது வருஷம் மலம்புழைத் தொகுதிக்கு அவர்தான் எம்எல்ஏ, நேற்று நாங்கள் நனைந்த இடம் அவர் தொகுதி.

ஸ்டாலைச் சுற்றி ஏழெட்டுப் பேர் சேர்ந்தார்கள். யாரும் சத்தம் போடவில்லை. முழங்காலுக்கு மேலே மடித்துக் கட்டியிருந்த வேட்டியை ஒரு பெரியவர் அவிழ்த்துக் கால்வரை இறக்கிவிட்டார். அவரைப் பார்த்துப் பக்கத்தில் நின்ற இளவட்டப் பையனும் இறக்கிவிட்டான். பெரியவர் என்னைப் பார்த்து, தமிழனென்று தெரிந்துகொண்டு தமிழிலேயே, "எங்க எம்எல்ஏ. எங்க தப்பு நடந்தாலும் நேரா சட்டையைப் பிடிச்சுக் கேப்பாரு" என்றார். அரசியலில் அத்தான் வேறு கட்சி, அவரும் கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார்.

ரயில் வந்தது. அம்மா அக்கா தலையைத் தடவிவிட்டு ஏறினாள். அடுத்த தடவை மூணாறு என்று பாப்பா ஜன்னலுக்கு வெளியே நின்று கத்தினாள், அம்மா வேண்டாம், கவா போதும் என்று உள்ளேயிருந்து சொன்னாள்.

திருச்சூர் தாண்டும்வரை பெட்டி முழுக்க வி.எஸ். பேச்சுதான். கோட்டயம் வருவதற்கு முன்னால் அம்மா இட்லிப் பொட்டலத்தைப் பிரித்தாள். ஒரு நாளுக்கு மேல் ஆகியும் பஞ்சு மாதிரி இருந்தது, புளிப்பு ஏறவில்லை. பொடியைத்தான் காணோம், அக்கா வீட்டு அடுக்களை மேடையிலேயே இருந்துவிட்டது. பையை ரெண்டு தடவை கொட்டித் தேடினேன். எதிர் சீட்டில் கொல்லம் போகிற ஒரு அம்மா எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டே இருந்தவர், தன் எவர்சில்வர் டப்பாவைத் திறந்து, உள்ளிச் சம்மந்தியை, அதாவது வெங்காயச் சட்னியை, ஒரு கரண்டி எடுத்து அம்மா இலையில் வைத்தார். அம்மா நாலு இட்லியை எடுத்து அவர் டப்பா மூடியில் வைத்தாள்.